சொட்டுச் சொட்டாய் இறங்கிய தண்ணீர்



2025-ஆம் ஆண்டு ரமளானின் பத்தாம் நோன்பு அன்று நடந்ததை எழுதுவதா, வேண்டாமா என்று எங்கள் வீட்டில் பல நாள் பேசினோம். வீட்டுக்குள் நடந்த தவறை ஊருக்குச் சொல்வானேன் என்று ஒருவர் கேட்டார். இதே தவறு இன்னொரு வீட்டில் நடக்காமல் இருந்தால் நல்லதுதானே என்று மற்றவர் சொன்னார். இரண்டாவது சொல்லே எங்களுக்குச் சரியாகப் பட்டது.

அன்று அஸர் தொழுகை முடிந்திருந்தது. பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வந்துவிட்டது. நெல்லிக்குப்பத்திலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். எங்களையும் சேர்த்துப் பதினான்கு பேர் நோன்பு திறக்க வேண்டும். பேரீச்சம்பழம் தட்டில் இருந்தது. வடை எண்ணெயில் இருந்தது. தண்ணீர் மட்டும் தயாராக இல்லை. சமையலறை மேடையில் இருந்த சுத்திகரிப்பானின் குழாயிலிருந்து தண்ணீர் நூலாகக்கூட வரவில்லை. சொட்டுச் சொட்டாக வந்தது. ஒரு லிட்டர் குவளை நிரம்ப அரை மணி நேரம் பிடித்தது. வாங்கிய புதிதில் அதே குவளை இரண்டு நிமிடத்தில் நிரம்பியது எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இன்னும் நிரம்பலையா?" என்று சின்னவனிடம் கேட்டோம். அவனுக்குப் பதினொரு வயது. குழாயருகே அவனைத்தான் நிறுத்தியிருந்தோம். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்டோம். மூன்றாவது முறை கேட்டபோது குரல் சற்று உயர்ந்துவிட்டது. நான்காவது முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. குவளைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு எடுத்து வைத்தோம். எப்படி நிரம்பின என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் சுத்திகரிப்பான் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது கடலூருக்கு மேற்கே, கெடிலம் ஆற்றங்கரையில் உள்ள திருவந்திபுரத்தில். தேவநாதசுவாமி கோயிலும் அதன் எதிரே உள்ள ஔஷதகிரி மலையும் இந்த ஊருக்கு அடையாளம். முகூர்த்த நாட்களில் இங்கே நடக்கும் திருமணங்களுக்குச் சுற்று வட்டாரமே திரண்டு வரும். கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்குப் புயலும் வெள்ளமும் புதியவை அல்ல. 2004-இன் சுனாமியையும், 2011 டிசம்பர் 30-ஆம் நாள் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த தானே புயலையும், 2015-இன் பெருவெள்ளத்தையும் பார்த்தவர்கள் நாங்கள். 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பின் கொட்டிய மழையிலும், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரிலும் தென்பெண்ணை பொங்கியது. எங்கள் கெடிலமும் நிரம்பி ஓடியது.

வெள்ளம் வடிந்த பிறகுதான் தண்ணீர்ப் பஞ்சம் தொடங்கியது. ஆழ்குழாய்க் கிணற்றின் வாய்ப்பகுதி இரண்டு நாள் வெள்ளத்துக்குள் இருந்தது. மோட்டார் போட்டால் வந்த தண்ணீர் கலங்கலாகவும் சேற்று வாடையோடும் இருந்தது. அப்போது சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மைத்துனர் விடுப்பில் வந்தபோது ஒரு கையடக்கச் சுத்திகரிப்பானைக் கொண்டுவந்தார். அதற்கு மின்சாரம் வேண்டாம். ஒரு மூடி போட்ட வாளி, அதிலிருந்து இறங்கும் ஓஸ், ஓஸின் முனையில் கை விளக்கு அளவுள்ள ஒரு வடிகட்டிக் குழல். அவ்வளவுதான். மேலே கலங்கல் நீரை ஊற்றினால் கீழே தெளிந்த நீர் வரும். கொண்டுவந்தவருக்காக அன்று நாங்கள் கேட்ட துஆ மனதார வந்தது.

அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. அடுத்த வீட்டில் கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா இருக்கிறார். அவருடைய பேரனுக்கு இரண்டு வயது. குழந்தைக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வேண்டும் என்று டிசம்பர் மாதம் ஒரு சொம்போடு வந்தார். அன்று முதல் நாள்தோறும் மாலையில் அந்தச் சொம்பு வருவது வழக்கமாகிவிட்டது. பத்தாம் நோன்பு அன்றும் வந்தது. நிரம்பியிருந்த குவளையிலிருந்தே ஊற்றிக் கொடுத்தோம்.

பன்னிரண்டாம் நோன்பு இரவு நன்னிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. நன்னிக்கு வயது எழுபத்தாறு. ஸஹர் நேரத்துக்குள் கண் குழிந்துவிட்டது, நாக்கு உலர்ந்துவிட்டது. விடிந்ததும் கடலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். சலைன் ஏறிக்கொண்டிருந்தபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்பதுதான். சுத்திகரித்த தண்ணீர் என்று பெருமையாகவே சொன்னோம். அதே நாள் காலையில் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு என்று தொலைபேசியில் செய்தி வந்தது.

சின்னவன் அப்போது தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான். மெல்ல எழுந்து வந்து, "அத்தா, அன்னிக்கு நான் வாளியிலேருந்தே மொண்டு ஊத்திட்டேன். மேல இருக்கறதும் அதே தண்ணிதானேன்னு நெனச்சேன்" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை.

அவனைத் திட்ட எங்களுக்கு வாய் வரவில்லை. நோன்போடு நின்ற பிள்ளையிடம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்திக் கேட்டவர்கள் நாங்கள். ஒரு மாதமாகத் தண்ணீர் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தும் அது ஏன் என்று கேட்காமல் இருந்தவர்களும் நாங்கள்தாம். நன்னிக்கும் குழந்தைக்கும் அந்தத் தண்ணீரால்தான் நோய் வந்ததா என்று கேட்டதற்கு, அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு காரணமும் இருக்கலாம் என்றார் மருத்துவர். அந்தப் பதிலில் நாங்கள் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. ஆனால் ஒருவர் நம்மை நம்பிச் சொம்பை நீட்டும்போது, அதில் ஊற்றுவது ஓர் அமானிதம். அதில் நேர்ந்த குறையை மறைப்பதற்கு எங்களுக்கு உரிமை இல்லை.

அன்று மாலையே அடுத்த வீட்டுக்குப் போனோம். நடந்ததை முழுவதும் சொன்னோம். பூக்கார அக்கா கேட்டுக்கொண்டே நாரில் பூ தொடுத்தார். முடித்த பிறகும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, பாயம்மா" என்றார். அவ்வளவுதான். கோபமா, நன்றியா என்று எங்களுக்குப் புரியவில்லை. குழந்தை இரண்டு நாளில் தேறிவிட்டான். ஆனால் பல நாள் அந்தச் சொம்பு எங்கள் வாசலுக்கு வரவில்லை.

நன்னி மூன்றாம் நாள் வீடு திரும்பினார். அன்று இரவு தராவீஹ் முடிந்து வந்ததும் சுத்திகரிப்பானைக் கூடத்தில் இறக்கி வைத்து உட்கார்ந்தோம். அது வந்த அட்டைப் பெட்டி பரணில் கிடந்தது. உள்ளே நாங்கள் ஒருநாளும் பிரித்துப் படிக்காத ஒரு கையேடும், உறை பிரிக்காத ஒரு பெரிய சிரிஞ்சும் இருந்தன. அந்தச் சிரிஞ்சை என்னவென்று தெரியாமல் ஒதுக்கி வைத்தது நாங்கள்தாம்.

படித்து அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அந்தக் குழலுக்குள் இருப்பவை நூல் போன்ற உள்ளீடற்ற இழைகள். ஒவ்வோர் இழையின் சுவரிலும் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. ஒரு துளையின் அளவு 0.1 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் அது எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். காலரா, டைஃபாய்டு ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய அரை மைக்ரான் தடிமன் உள்ளவை. அவற்றால் அந்தத் துளை வழியே நுழைய முடியாது. தண்ணீர் மட்டும் நுழையும். இவ்வளவு சிறிய துளை வழியே தண்ணீரைத் தள்ளுவதற்கு ஒரு விசை வேண்டும். மின்சாரம் இல்லாத கருவியில் அந்த விசையைத் தருவது உயரம் ஒன்றே. வாளியில் உள்ள நீர்மட்டம் வடிகட்டியைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு அழுத்தம். ஒரு மீட்டர் உயரம், காற்று மண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தரும். உயரத்தைப் பாதியாக்கினால் வரத்தும் பாதியாகும்.

இதைப் படித்ததும் முதல் குற்றவாளி பிடிபட்டார், அவர் நாங்களேதான். ரமளானுக்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, சுவர்க் கொக்கியில் தொங்கிய வாளியை இறக்கிச் சமையலறை மேடையில் வைத்தோம். திரும்ப மாட்டவில்லை. கொக்கியில் இருந்தபோது நீர்மட்டத்துக்கும் வடிகட்டிக்கும் இடையே 90 சென்டிமீட்டர் இருந்தது. மேடையில் அது 25 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது. எறும்பு ஏறுகிறது என்று வாளியின் மூடியில் ஒரு ரப்பர் வளையத்தையும் இறுகப் போட்டிருந்தோம். தண்ணீர் கீழே இறங்க வேண்டுமானால் அதன் இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். காற்று புக வழியில்லாத வாளி, வாய் மூடிக் கவிழ்த்த பாட்டில் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கைபேசியில் நேரம் குறித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினோம். வாளியைக் கொக்கியில் மாட்டி, ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, மூடியின் துளையில் எறும்பு புகாதபடி மெல்லிய துணி கட்டினோம். ஒரு லிட்டருக்கு 30 நிமிடம் எடுத்தது, 9 நிமிடமானது. ஒரு காசு செலவில்லை.

இரண்டாவது, காற்று. நோன்புக் காலத்தில் இரவில் வாளி காலியாகி, ஓஸுக்குள் காற்று புகுந்திருந்தது. ஓஸ் நடுவே ஒரு வளைவாக மேலெழும்பி நின்றதால் அந்தக் காற்று குமிழாக அங்கேயே தங்கிவிட்டது. நனைந்த நுண்துளை தண்ணீரை விடும். காற்றை எளிதில் விடாது. எனவே குழலுக்குள் புகுந்த காற்று வெளியேற வழியின்றி, இழைகளில் ஒரு பகுதியை அடைத்துக்கொள்ளும். ஓஸை நேராக்கி, வடிகட்டியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டினோம். குமிழ்கள் வெளியேறின. 9 நிமிடம் 7 ஆனது. நெடுநாள் உலர்ந்து கிடந்த குழலாக இருந்தால் ஓர் இரவு முழுவதும் சுத்தமான நீரில் ஊறவைக்க வேண்டும் என்று கையேடு சொன்னது.

மூன்றாவது, அடைப்பு. இதுவே பெரியது. வெள்ளத்தின் வண்டல் நான்கு மாதமாக இழைகளின்மேல் படிந்திருந்தது. சிரிஞ்சில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை நிரப்பி, தண்ணீர் வெளியே வரும் வாயில் வைத்து, எதிர்த் திசையில் அழுத்தினோம். உள்ளே போகும் பக்கம் வழியாகப் பழுப்புச் சேறு பீறிட்டு வந்தது. பார்த்த எங்களுக்கு உடம்பு கூசியது. பத்து முறை செய்தும் தெளியவில்லை. பதினைந்தாவது முறைக்குப் பிறகுதான் தெளிந்தது. இதில் மறக்கக் கூடாத ஒன்று: பின்னோக்கித் தள்ளும் தண்ணீர் எப்போதும் சுத்தமானதாக இருக்க வேண்டும். கலங்கல் நீரைச் சுத்தமான பக்கம் வழியாகச் செலுத்தினால் கருவியே நோய்க்கு வாசலாகிவிடும். 7 நிமிடம் 4 ஆனது.

நான்காவது, கறை. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் மேலே வரும்போது தெளிவாக இருக்கும். ஒரு மணி நேரம் வைத்தால் துருநிறம் கொள்ளும். நிலத்துக்கு அடியில் கரைந்திருக்கும் இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகித் திரள்வதே காரணம். கடின நீரின் சுண்ணாம்பும் இதோடு சேர்ந்துகொள்ளும். இவை இரண்டும் வெறும் தண்ணீருக்கு அசையா, புளிப்புக்குத்தான் கரையும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து, குழலை ஒரு மணி நேரம் ஊறவைத்தோம். பிறகு மறுபடியும் சிரிஞ்சால் பலமுறை அலசினோம். 4 நிமிடம் இரண்டரை ஆனது. வெள்ளை வினிகரையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்று கையேட்டில் இருந்தது. எல்லாக் குழல்களும் புளிப்பைத் தாங்கும் என்று எண்ண வேண்டாம். கரி நிரப்பிய குழல்களுக்கு இந்த முறை ஆகாது. அவரவர் கருவியின் கையேட்டைப் படித்த பிறகே எதையும் செய்ய வேண்டும். வெண்களிமண் மெழுகுத்திரி போன்ற வடிப்பான் உள்ள பாத்திரமாக இருந்தால், சோப்பு போடாமல், மென்மையான தூரிகையால் ஓடும் நீரில் தேய்த்தாலே போதும்.

பழைய இரண்டு நிமிடம் திரும்பவில்லை. அதற்காக நாங்கள் வருந்தவில்லை. மார்கழி, தைக் குளிரில் தண்ணீர் சற்றே கெட்டிப்படுவதால், புதிய வடிகட்டியிலும் வரத்து கொஞ்சம் குறையும் என்பதையும் அன்றுதான் அறிந்தோம். 30 பாகை வெப்பத்தில் ஓடும் நீர் 20 பாகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். மாறாக, ஒரு வடிகட்டி ஒருநாள் திடீரென்று வேகமாகக் கொட்டத் தொடங்கினால் மகிழக் கூடாது. கீழே விழுந்தோ, முறுக்கியோ உள்ளே இழை அறுந்திருக்கலாம். அறுந்த வழியே தண்ணீரும் வரும், கிருமியும் வரும். அந்தக் குழலை மாற்றிவிட வேண்டும்.

நன்னி கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டி, செரட்டையால மொள்ளுவோம். ஒரு கொடம் நெறைய எவ்வளவு நேரம் ஆவும் தெரியுமா? யாரு அவசரப்பட்டா?" என்றார். கெடிலத்து மணலில் கையகலக் குழி தோண்டி, ஊறி வரும் நீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிய காலம் அது. முதலில் ஊறும் கலங்கலை இறைத்துவிட்டுத் தெளியும்வரை காத்திருப்பார்களாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசுவார்களாம். மிதக்கும் தூசி ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் படிந்துவிடும். மேல்நீரை மட்டும் வெள்ளைத் துணியில் வடித்து எடுப்பார்கள்.

நன்னி சொன்ன அந்த மணலும் ஒரு வடிகட்டிதான். உலகின் பெரிய நகரங்கள் பல, மணல் படுகையில் தண்ணீரை மெதுவாக இறக்கித்தான் நெடுங்காலம் குடித்தன. 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்நகரம் எல்ப் ஆற்றின் நீரை வடிகட்டாமல் குழாயில் விட்டது. அதை ஒட்டியிருந்த ஆல்டோனா நகரம், அதே ஆற்றில், ஹாம்பர்க்கின் கழிவும் கலந்த கீழ்ப்பகுதியிலிருந்து நீர் எடுத்தது. ஆனால் மணலில் மெதுவாக வடிகட்டிக் கொடுத்தது. ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. இரு நகரங்களின் எல்லையாக இருந்த தெருக்களில் ஒரு பக்கம் நோயும் மறுபக்கம் நலமுமாக இருந்ததை அக்காலத்து மருத்துவர்கள் பதிந்து வைத்தனர். ஆறு ஒன்று, வேறுபாடு, மணலில் தண்ணீர் இறங்கிய அந்தச் சில மணி நேரம்.

துணியில் வடிப்பதையும் இளக்காரமாக எண்ண வேண்டாம். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் ரீட்டா கோல்வெல் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. பழைய பருத்திச் சேலையை நான்காகவோ அதற்கு மேலோ மடித்துத் தண்ணீரை வடித்த வீடுகளில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக அது காட்டியது. துணி மட்டும் போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் வடிகட்டிக்கு முன்னால் ஒரு துணி இருந்தால் வண்டலில் ஒரு பகுதி அங்கேயே நின்றுவிடும். குழல் அடைபடுவது தாமதமாகும். இப்போது எங்கள் வீட்டில் ஆழ்குழாய் நீரை இரவே பானையில் பிடித்து வைக்கிறோம். காலையில் துரு அடியில் படிந்திருக்கும். மேல்நீரை நான்காக மடித்த துணி வழியே வாளியில் ஊற்றுகிறோம். வெள்ளிக்கிழமை தோறும் ஜுமுஆவுக்குப் புறப்படும் முன் சிரிஞ்சு வேலை நடக்கிறது. அதற்குப் பொறுப்பாளர் சின்னவன்.

மார்க்கம் தொடர்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீர் குறைந்த அந்த நாட்களில் வீட்டில் சிலர் வடிகட்டிய நீரிலேயே ஒளுச் செய்துவந்தது பின்னர்தான் தெரிந்தது. துருநிறத் தண்ணீர் ஒளுவுக்கு ஆகாது என்று எண்ணியிருக்கிறார்கள். மண்ணாலோ, தான் ஊறும் இடத்தின் துருவாலோ நிறம் மாறிய நீர் தூய்மை செய்யும் தகுதியை இழப்பதில்லை என்று எங்கள் பள்ளி இமாம் விளக்கினார். ஒளுவுக்குத் தகுதியான தண்ணீர் வேறு. குடித்தால் நோய் தராத தண்ணீர் வேறு. கண்ணுக்குத் தெளிவாகவும், ஒளுவுக்கு ஏற்றதாகவும் உள்ள நீர் குழந்தையின் வயிற்றுக்கு ஆகாததாக இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டதால் குடிக்க வேண்டிய நீர் வீணானது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில், ஒளுச் செய்தவர்கள். குழாயைத் திறந்துவிட்டு ஒளுச் செய்யும் நாம் எத்தனை முத்தைச் சாக்கடையில் விடுகிறோம் என்று அந்த வாரம் குவளையால் அளந்து பார்த்து வெட்கப்பட்டோம்.

இவ்வளவு செய்த பிறகும் கையடக்க வடிகட்டியால் ஆகாதவை உண்டு. 0.1 மைக்ரான் துளை பாக்டீரியாவை நிறுத்தும். அதைவிடப் பன்மடங்கு சிறிய வைரஸை நிறுத்தாது. மஞ்சள்காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ கிருமி அப்படிப்பட்டது. உப்பையும் அது நீக்காது. எனவே வெள்ளக் காலத்திலும், வீட்டில் முதியவரோ குழந்தையோ இருக்கும்போதும், வடித்த நீரைக் கொதிக்கவைத்தே கொடுக்க வேண்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். யாருக்கேனும் வயிற்றுப்போக்கு வந்தால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நன்னியை ஸஹர்வரை வைத்திருந்தது எங்கள் அடுத்த தவறு. இரவே போயிருக்க வேண்டும்.

இருபத்து மூன்றாம் நோன்பு அன்று மாலை வாசலில் நிழலாடியது. பூக்கார அக்கா நின்றிருந்தார். கையில் சொம்பு இல்லை. "இப்ப எவ்வளவு நேரம் ஆவுது?" என்று கேட்டார். இரண்டரை நிமிடம் என்றான் சின்னவன். அவர் உள்ளே வந்து நின்று, குவளை நிரம்புவதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே இந்த ஊர்க் கோயிலின் தலபுராணத்தைச் சொன்னார். பெருமாளுக்குத் தாகம் எடுத்ததாம். கருடனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினாராம். கருடன் வரத் தாமதமாகவே, ஆதிசேஷன் வாலால் தரையில் அடித்து அங்கேயே ஊற்றெடுக்கச் செய்தானாம். கோயிலில் உள்ள சேஷ தீர்த்தம் அதுதானாம். கருடன் பின்னால் கொண்டுவந்த நீர்தான் கெடிலமாக ஓடுகிறதாம். "லேட்டா வந்த தண்ணியத்தான் பாயம்மா ஊரே இத்தன காலமா குடிக்குது" என்றார்.

அது அவருடைய நம்பிக்கை, நம்முடையது வேறு. ஆயினும் அவர் அந்தக் கதையை எதற்காக எங்களிடம் சொன்னார் என்பது எங்களுக்குப் புரிந்தது. நன்னி அவரைக் கட்டிலில் தம் அருகே உட்காரச் சொன்னார். இருவரும் ஊற்றுத் தோண்டிய நாட்களைப் பற்றி மஃக்ரிப் பாங்குவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மாலை சொம்பு வந்தது. அதில் ஊற்றும் முன் சின்னவன், "அக்கா, இது வடிச்சு, கொதிக்க வெச்சு, ஆற வெச்சது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இப்போதும் அவன் நாள்தோறும் அப்படித்தான் சொல்கிறான். அவரும் ஒவ்வொரு நாளும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்.

அன்புச் சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டுச் சுத்திகரிப்பானில் தண்ணீர் குறைந்தால், இன்றே அதை இறக்கி வைத்துப் பாருங்கள். உயரம், மூடி, காற்று, அடைப்பு, கறை என்று வரிசையாகப் பாருங்கள். அதுவரை அருகில் நிற்கும் பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள். மேலே இருக்கும் நீரும் கீழே வரும் நீரும் ஏன் ஒன்றல்ல என்பதை உட்காரவைத்துச் சொல்லுங்கள். நம்மை நம்பிப் பாத்திரம் நீட்டுபவர்களின் அமானிதத்தைப் பேணுபவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.